மக்ரூனின் சிவப்பு பல்பு

காலை 8.10.

இரவுப் பணி முடிந்து ஏஞ்சலின் துறைமுக வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பப் போன நேரத்தில் போன் அடித்தது.

“எக்கா, மக்ரூன் செத்துப்போச்சு.”

சித்தி மகள் ஹில்டா. அழுது ஓய்ந்த குரல்.

“என்னளா சொல்லுத? போன வாரம் நல்லாத்தானே இருந்துச்சு?”

“குளுருல வெறச்சுக் கெடக்கு. நான்தான் கொன்னேன்னு அவுக சொல்லுதாவ.”

ஏஞ்சலின் வண்டியை அணைத்தாள். ஜூலை மாதம், எட்டு மணிக்கே ஹெல்மெட்டுக்குள் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் மயங்கி விழுந்தவர்களை அவளுக்குத் தெரியும். கடலோடு போனவர்களையும் தெரியும். ஆனால் தூத்துக்குடியில் குளிரால் ஓர் உயிர் போனதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை. அப்படி ஒன்று நடந்திருந்தால் முதலில் அவள் காதுக்குத்தான் வந்திருக்கும். பதினோரு வருசமாக அவளுக்குச் சோறு போடுவதே குளிர்தான். கன்டெய்னர் முனையத்தில் ரீஃபர் என்கிற குளிர்பெட்டிகளுக்கு அவள் மேற்பார்வையாளர். வெளிநாட்டுக்குப் போகிற இறால் எந்தப் பெட்டியில் எத்தனை டிகிரியில் தூங்குகிறது என்பது அவளுக்கு மனப்பாடம்.

“ஏசியை அணை. வேற எதையும் தொடாதீங்க. வாரேன்.”

காலை 8.35.

கடற்கரைச் சாலைக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் பிளாரன்ஸ் சித்தியின் வீடு. கதவைத் தாண்டியதும் ஒரு பயணப் பை, ஜிப் இழுத்துத் தயாராக நின்றது. பக்கத்தில் கிங்ஸ்டன். மேல்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார், நாசரேத்துக்காரன், ஹில்டாவைக் கட்டி ஐந்து மாதம் ஆகிறது. கண் சிவந்திருந்தது.

“பன்னெண்டே முக்காலுக்கு நாசரேத் பஸ் மதினி. மக்ரூனைக் கொண்டுபோய் எங்க தோட்டத்துல அடக்கம் பண்ணிட்டு, கொஞ்ச நாள் அங்கனயே இருந்துட்டு வாரேன்.”

“கொஞ்ச நாள்னா?”

அவன் பையின் ஜிப்பை மறுபடி இழுத்துப் பார்த்தான். ஹில்டா சமையலறை வாசலில் நின்று தரையைப் பார்த்தாள். செத்தது பல்லி என்றாலும், பன்னிரண்டே முக்கால் பஸ்ஸில் ஏறப்போவது ஒரு கல்யாணம் என்று ஏஞ்சலினுக்குப் புரிந்தது. ‘கொஞ்ச நாள்’ என்று பையைத் தூக்கியவர்கள் எத்தனை பேர் எத்தனை வருசம் கழித்துத் திரும்பினார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கூடத்தில் எல்லாம் எப்போதும்போல இருந்தன. படுக்கையறைக் கதவுக்கு நேர் எதிரே இருதய ஆண்டவர் படம். அதன் காலடியில், செத்துப்போன ரோச் சித்தப்பா கப்பலில் போன காலத்தில் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் கிரீட விளக்கு. கிரீடத்தின் துளைகள் வழியாகச் சிவப்பு ஒளி கசியும். பல்பு வெளியே தெரியாது. இருபது வருசமாக அணையாத விளக்கு. அதற்கு ஒத்து வருகிற பல்பு கிடைக்காமல் சித்தி வருசத்துக்கு ஒரு தடவை கடைத்தெருவையே புரட்டிப் போடுவாள். இன்று மாதத்தின் முதல் வெள்ளி, இயேசுவின் இருதயத்துக்கான நாள் என்பதால் படத்துக்குப் புது மல்லிகை மாலை போட்டிருந்தது. புது மாலைதான், ஆனால் நுனிப் பூக்களெல்லாம் காய்ந்து பழுப்பேறிக் கிடந்தன. முன்னால் நட்டிருந்த மெழுகுதிரி கும்பிடு போடுகிற மாதிரி முன்பக்கம் வளைந்திருந்தது. அதன் திரி மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஏஞ்சலின் ஒரு கணம் நின்று பார்த்தாள். பிறகு படுக்கையறைக்குப் போனாள்.

மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. மணல் நிறத் தரைவிரிப்பு, இரண்டு மண்சட்டிக் குகைகள். ஒரு குகை வாசலில் மக்ரூன் குப்புறக் கிடந்தது. சிறுத்தைப் பல்லி. ஒரு சாண் நீளம், வெளிர்மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், கொழுத்த வால். பேக்கரியில் முந்திரி மக்ரூன் வேகவைத்து எடுத்த நிறம் என்று சொல்லி, நான்கு வருசத்துக்கு முன்பே கிங்ஸ்டன் வைத்த பெயர் அது.

ஏஞ்சலின் புறங்கையால் தொட்டாள். சில்லென்று இருந்தது. பின்னங்காலின் ஒரு விரலை லேசாக அழுத்தினாள். காத்திருந்தாள். மறுபடி அழுத்தினாள்.

கால் ஒரு மயிரிழை உள்ளே போனது.

“தம்பி, அடக்கம் பண்ணப்போற ஆளு இன்னும் சாகலை.”

கிங்ஸ்டன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

காலை 8.50.

விளாத்திகுளத்தில் கால்நடை மருத்துவராக இருக்கும் சுந்தர்சிங், ஏஞ்சலினோடு பள்ளியில் படித்தவர். போனில் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“நான் ஆட்டு டாக்டர்மா. பல்லிக்குக் கைராசி எப்படின்னு தெரியாது. ஆனா ஒண்ணு, அதுக்குச் சொந்தமாச் சூடு கிடையாது. சுத்தி என்ன சூடோ அதுதான் அதுக்கும். மெள்ளச் சூடேத்து. சுடுதண்ணி வேண்டாம், வெயில்ல வைக்க வேண்டாம். தானா இரை எடுத்துட்டா பொழைச்சுக்கிட்டுன்னு அர்த்தம்.”

மெள்ளச் சூடேற்ற தூத்துக்குடியில் என்ன வேண்டும்? ஏசி அறையை விட்டு வெளியே கொண்டுவந்தாலே போதும். ஈரத்துணி விரித்த ஒரு கண்ணாடி நிற பிளாஸ்டிக் பெட்டியில் மக்ரூனை வைத்து ஏஞ்சலின் கூடத்துக்குத் தூக்கி வந்தாள். சாப்பாட்டு மேசைமேல் மின்விசிறிக் காற்று நேராக விழுந்தது, ஜன்னலோரம் வெயில். மிச்சம் இருந்தது இருதய ஆண்டவர் மேசை ஒன்றுதான்.

“எக்கா, ஆண்டவர் பக்கத்துல பல்லியா?”

“அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சித்தி வந்தாத்தான் சொல்லுவா. சித்தி எங்க?”

“முதல் வெள்ளில்லா. ஜெபக் கூட்டத்து ஆளுங்களோட வேன்ல மணப்பாட்டுக் கோயிலுக்குப் போயிருக்கா. காலைல நாலரைக்கே எந்திச்சுப் போயிட்டா. போனைச் சார்ஜ்ல போட்டுட்டு மறந்துட்டா.”

காலை 9.10.

ஏஞ்சலின் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தாள். குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனபோது ஃபிரிட்ஜ் மேல் அட்டைப்பெட்டியோடு ஒரு புதுச் சிவப்பு ஜீரோ வாட் பல்பு இருந்ததைப் பார்த்தாள். நம் எல்லோர் வீட்டிலும் போடுகிற, இரண்டு முளை வைத்த பின் பல்பு. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

“சொல்லுங்க தம்பி. தொட்டிக்கு எப்படி வெளிச்சம், எப்படிச் சூடு?”

“மேல வெள்ளை எல்.இ.டி. காலைல ஆறரைக்கு எரியும், சாயந்தரம் ஆறரைக்கு அணையும். அது வெளிச்சத்துக்கு. அது அணைஞ்சதும் செவப்புப் பல்பு எரியும். எழுபத்தஞ்சு வாட், சூட்டுக்குன்னே உள்ளது, சென்னையிலேருந்து வரவழைச்சது. ரெண்டும் டைமர்ல ஓடுது.”

“செவப்புப் பல்பு எங்க மாட்டியிருக்கு?”

“குடை மாதிரி ஒரு மூடிக்குள்ள. வெளிய தெரியாது, வெளிச்சம்தான் தெரியும்.”

“காலைல என்ன பாத்தீங்க?”

“ஆறு அஞ்சுக்கு எந்திச்சேன். ட்யூப்லைட்டைப் போட்டு, கண்ணாடியை மாட்டிட்டுப் பாத்தா இது இப்படிக் கெடக்கு. மூடிக்குள்ள பாத்தா பல்பே இல்ல. யாரோ திருகி எடுத்திருக்காங்க.”

“ராத்திரி?”

“பத்து மணிக்குப் படுத்தோம். கதவு உள்ள தாழ்ப்பாள். ஜன்னல் சாத்தியிருந்துச்சு. ட்யூப்லைட்டை அணைச்சதும் ரூம் எப்பவும்போல செவப்பா இருந்துச்சு. நான் பாத்தேன். அப்போ பத்து மணிக்குப் பல்பு இருந்திருக்கு, ஆறு மணிக்கு இல்ல. உள்ள இருந்தது ரெண்டு பேர். ரெண்டுல ஒண்ணைக் கழிச்சா...”

“கழிச்சா நானு,” என்றாள் ஹில்டா.

“நீ சொல்லலியா? அந்தச் செவப்பு லைட்டை ஒருநாள் புடுங்கிப் போடுதேன்னு, போன வாரம் எங்க அம்மா இருக்கும்போதே சொன்னியே.”

“சொன்னேன். கண்ணைக் குத்துது, தூக்கம் வரலைன்னு அஞ்சு மாசமாச் சொல்லுதேன். சொன்னா செஞ்சதாயிருமா?” அவள் ஏஞ்சலின் பக்கம் திரும்பினாள். “எக்கா, பல்பைத் தேடுதேன்னு கட்டிலுக்கு அடியில பாத்தாவ, மெத்தையைத் தூக்கிப் பாத்தாவ. அதெல்லாம் சரி. என் கைப்பையைக் கட்டில்மேல தலைகீழாக் கொட்டிப் பாத்தாவ. எங்க வீட்ல வச்சு, திருடி மாதிரி.”

கிங்ஸ்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பல்பு கெடச்சுதா?” என்றாள் ஏஞ்சலின்.

“இல்ல.”

“கதவைத் திறக்கதுக்கு முன்னாலயா தேடினீங்க?”

“ஆமா. ஒரு இஞ்சு விடல.”

“அப்போ உங்க கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. அவ எடுத்திருந்தா பல்பு ரூமுக்குள்ளதானே இருக்கணும்?”

“ஜன்னல் வழியா எறிஞ்சிருப்பா.”

ஏஞ்சலின் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கீழே பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகை. ஒரு கண்ணாடிச் சில்லுகூட இல்லை. திரும்பும்போது கதவுக்கு மேலே பார்த்தாள். ஏசி வைத்தபோது காற்றோட்டத் துவாரத்தை அடைத்து, ஒரு முழ அகலத்துக்குக் கண்ணாடி பதித்திருந்தார்கள்.

“ஏளா, நேத்து ராத்திரி நீ எப்படித் தூங்கின?”

“நல்லாத் தூங்கினேன்,” என்று சொல்லிவிட்டு ஹில்டா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அதுதான் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. லைட்டு கொஞ்சம் மங்கலா இருந்துச்சுக்கா. எனக்காகத்தான் அவுக மாத்தியிருக்காவன்னு நெனச்சேன். மனசுக்குள்ள சந்தோசமாக்கூட இருந்துச்சு.”

கிங்ஸ்டன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். “நான் எதையும் மாத்தலை.”

“கூடத்து லைட்டை யாரு அணைச்சது?”

“நான்தான் மதினி. ரூம் வாசல்ல நின்னே சுவிட்சைத் தட்டினேன்.”

“கூடம் இருட்டாச்சா?”

“இந்தச் சாமி வெளக்கு எரிஞ்சுது. அது எப்பவும் எரியுததுதானே. எங்க வீட்டுல இதெல்லாம் கெடையாது, நான் அவ்வளவா கவனிக்க மாட்டேன்.”

காலை 9.50.

“தொட்டிக்குள்ள தெர்மாமீட்டர் இருக்கா?”

“இருக்கு. போன்லயே காட்டும்.” கிங்ஸ்டன் செயலியைத் திறந்து நீட்டினான். “பாருங்க. காலைல அஞ்சு நாப்பதுக்குப் பதினெட்டரை டிகிரி. ஏசியைப் பதினெட்டுல வச்சதும் அவதான்.”

“புழுங்குச்சு, வச்சேன்,” என்றாள் ஹில்டா. “ஏசி இருந்தாலும் பல்பு இருந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

ஏஞ்சலின் போனை வாங்கிக்கொண்டாள். கன்டெய்னர் முனையத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்கிற தப்பு இது. பெட்டியின் முகப்பில் மின்னுகிற எண்ணைப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். எண் இப்போது என்ன என்றுதான் சொல்லும். எப்போது கெட்டது, எதனால் கெட்டது என்பதை அதன் பின்னால் ஓடுகிற வெப்பநிலைக் கோடுதான் சொல்லும். ஒருமுறை ஒரு பெட்டி இறால் பாதை முழுக்கச் சரியாக வந்ததாக எண் சத்தியம் செய்தது. கோட்டைப் பார்த்து, ஆறுமுகநேரி பக்கம் டிரைவர் சாப்பிட இறங்கிய ஒன்றரை மணி நேரத்தைக் கண்டுபிடித்தவள் அவள்.

கோட்டைப் பின்னோக்கித் தள்ளினாள். புதன், செவ்வாய், திங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே வடிவம்: சாயங்காலம் ஆறரைக்குக் கோடு நிமிரும், முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று என்று ஏறி இரவு முழுக்க அங்கேயே நிற்கும். பிறகு நேற்று, வியாழன். ஆறரைக்குக் கோடு நிமிரவே இல்லை. அப்படியே படுத்துக் கிடந்தது. பத்து மணிக்கு ஏசி போட்டதும் சரிந்தது.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“ஹில்டா, நேத்து சாயந்தரம் ஆறரைக்கு நீ எங்க இருந்த?”

“பல் ஆஸ்பத்திரியில, வேலையில. வீட்டுக்கு வர ஏழரை ஆச்சு.”

“நீங்க தம்பி?”

“ட்யூஷன். ஒம்பது மணிக்குத்தான் வந்தேன்.”

“சரி. ஒரு காப்பி போடுளா.”

காலை 10.40.

மக்ரூனின் தொண்டை அசைந்தது. கிங்ஸ்டன்தான் முதலில் பார்த்தான். “மூச்சு விடுது!” என்று கத்தியவன், பக்கத்தில் இருந்த ஹில்டாவின் தோளைப் பிடித்துவிட்டான். பிடித்த பிறகுதான் ஞாபகம் வந்து கையை எடுத்தான். ஹில்டா விலகவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

“நினைச்சதைவிடச் சீக்கிரமாச் சூடேறிட்டே,” என்றாள் ஏஞ்சலின், யாரிடமும் என்றில்லாமல்.

காலை 11.30.

மக்ரூன் இமையைத் திறந்தது. ஒரு காலை எடுத்து வைத்தது. நின்றது. இன்னொரு காலை எடுத்து வைத்தது. பெட்டியின் இடது மூலைவரை நடந்து, அங்கே வயிற்றைத் தரையோடு அழுத்தி ஒட்டிக்கொண்டது.

ஏஞ்சலின் பெட்டியை அப்படியே திருப்பி வைத்தாள். இடது மூலை இப்போது வலப்பக்கம் போனது.

ஐந்து நிமிடம் ஆனது. மக்ரூன் தள்ளாடித் தள்ளாடி, வந்த வழியே பெட்டியின் முழு நீளத்தையும் கடந்து, மறுபடியும் இடப்பக்கத்துக்கே வந்து ஒட்டிக்கொண்டது.

“அங்கன என்ன இருக்குன்னு அப்படிப் போகுது?” என்றான் கிங்ஸ்டன்.

“அதைத்தான் அது காலைலேருந்து சொல்லப் பாக்குது,” என்றாள் ஏஞ்சலின். அவள் முகத்தில் அன்று முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. “தம்பி, என்கூட ரூமுக்குள்ள வாங்க. ஹில்டா, நீ இங்கனயே இரு. இருதய ஆண்டவர் வெளக்கு சுவிட்சுல கை வச்சுக்க. நான் சொன்னா அணைக்கணும்.”

“அதை அணைச்சா அம்மா வையும்க்கா!”

“அம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்.”

காலை 11.45.

ஏஞ்சலின் ஜன்னலைச் சாத்தி, கனத்த திரையை இழுத்துவிட்டாள். கூடத்து ஜன்னல்களையும் ஹில்டாவிடம் மூடச் சொல்லியிருந்தாள். கதவை உள்ளே தாழிட்டாள். ட்யூப்லைட்டை அணைத்தாள்.

“கண்ணாடியைக் கழட்டிட்டு, ராத்திரி படுத்த மாதிரி படுங்க.”

கிங்ஸ்டன் படுத்தான்.

“இப்ப செவப்புப் பல்பு எரியுதா?”

“எரியுது,” என்றான் அவன், இயல்பாக. சொன்ன மாத்திரத்தில் எழுந்து உட்கார்ந்தான். “மதினி, பல்புதான் இல்லியே!”

அறை சிவந்திருந்தது. தொட்டியின் கண்ணாடியில் ஒரு சிவப்புக் கட்டம் தெளிவாக விழுந்திருந்தது.

“ஹில்டா, அணை!”

அறை கும்மிருட்டானது.

“போடு!”

மறுபடி சிவந்தது. கிங்ஸ்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கதவுக்கு மேலே பதித்திருந்த அந்த ஒரு முழக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏஞ்சலின் தாழ்ப்பாளைத் திறந்து கூடத்துக்கு வந்து, விளக்கை முழுக்க அணைக்கச் சொல்லி, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பித்தளைக் கிரீடத்தைத் தூக்கினாள். கைக்குட்டையையும் மீறிச் சுட்டது.

உள்ளே, உருண்டையாக, சிவப்பாக, எழுபத்தைந்து வாட் என்று எழுதியபடி மக்ரூனின் பல்பு இருந்தது.

“உங்க பல்பு ராத்திரி திருட்டுப்போகலை தம்பி. சாயந்தரம் ஆறரைக்கு முன்னாலயே தொட்டியை விட்டுப் போயிட்டு. போன்ல உள்ள கோட்டைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நேத்துச் சாயந்தரம் சூடு ஏறவே இல்ல. அந்நேரம் நீங்க ரெண்டு பேரும் வீட்ல இல்ல. பல்பு வெளிய போயிட்டு, அதோட வெளிச்சம் மட்டும் அந்தக் கண்ணாடி வழியா உள்ள வந்துருக்கு. நீங்க வெளிச்சத்தைப் பாத்துட்டுப் பல்பைப் பாத்தேன்னு கணக்கு எழுதிட்டீங்க.”

“யாரு...” என்று ஆரம்பித்த கிங்ஸ்டன் நிறுத்திக்கொண்டான்.

“வீட்ல இருந்தது யாரு? மாலை ஒரே ராத்திரியில கருகியிருக்கு. மெழுகுதிரி எரியாமலே வளைஞ்சிருக்கு. திரியில ஒரு கரிகூட இல்ல. பெட்டியை எப்படித் திருப்பினாலும் மக்ரூன் இந்த வெளக்குப் பக்கமே வந்து ஒட்டுது. ஜீரோ வாட் பல்புக்கு அந்தச் சூடு ஏது? ஃபிரிட்ஜ் மேல ஒரு புதுச் செவப்பு பல்பு இருக்கு, பின் பல்பு. சித்தப்பா கொண்டாந்த வெளக்கு சீமை வெளக்கு, திருகுத பல்புதான் ஏறும். இந்த வீட்ல திருகுத செவப்பு பல்பு இருந்தது ஒரே இடத்துலதான்.”

ஹில்டா தலையில் கை வைத்துக்கொண்டாள். “எம்மா!”

மதியம் 12.15.

வாசலில் வேன் நின்றது. பிளாரன்ஸ் சித்தி கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

“ஏளா ஹில்டா, திருச்செந்தூர்ல ஒரு கடையில கெடச்சிட்டு, திருகு பல்பு! மருமவனே, உங்க பல்லிப் பெட்டி பல்பை நேத்து சாயந்தரம் நான்தான் கடனா எடுத்தேன். இந்தா இப்பவே...” அப்போதுதான் மூன்று முகங்களையும் பார்த்தாள். அணைந்து கிடந்த விளக்கைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் பெட்டிக்குள் இருந்த பல்லியைப் பார்த்தாள். “இயேசுவே, என்னது இது?”

விசயத்தைக் கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நேத்து சாயந்தரம் வெளக்கு ஃபியூசாப் போச்சு. விடிஞ்சா முதல் வெள்ளி, ஆண்டவர் வெளக்கு அணைஞ்சு கெடக்கப்பிடாதுல்லா? கடையில வாங்கிட்டு வந்தா அது ஏறலை. அங்கன போய்ப் பாத்தா பல்லிக்கு அம்சமா ஒரு செவப்பு பல்பு, எரியாமச் சும்மா கெடக்கு. தொட்டேன், சூடும் இல்ல. செவப்பு பல்புன்னா ஆண்டவர் படத்துக்குன்னுதான் எனக்குத் தெரியும். பல்லிக்கு என்னத்துக்குச் செவப்பு? மீன் தொட்டியில போடுத மாதிரி அழகுக்குன்னு நெனச்சிட்டேன். நீ ஏழரைக்கு வரும்போது நான் ஜெபமாலையில இருந்தேன், நடுவுல பேசப்பிடாது. பெறவு மறந்தே போச்சு.” சித்தியின் கண் கலங்கியது. “பல்லிக்கு ஒண்ணும் ஆகலைல்லா மருமவனே?”

“ஒண்ணும் ஆகலை அத்தை,” என்றான் கிங்ஸ்டன்.

“பல்லிக்கு ஆகலை, வீட்டுக்கு ஆகியிருக்கும்,” என்றாள் ஏஞ்சலின். “இன்னும் ரெண்டு நாள் எரிஞ்சிருந்தா மாலையிலேருந்து படம் வரைக்கும் பத்தியிருக்கும் சித்தி. நல்லவேளை, மக்ரூனுக்குக் குளுரெடுத்துச்சு.”

சித்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

“தம்பி, உங்ககிட்டயும் ஒண்ணு. இது சூடேறுத வரைக்கும் போன்ல படிச்சுப் பாத்தேன். இந்தச் செவப்பு பல்பு இனி அந்தத் தொட்டிக்கும் வேண்டாம். செவப்பு அதுக்குத் தெரியாதுன்னு யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்காங்க. ராத்திரி முழிச்சு நடமாடுத உயிருக்கு வெளிச்சம் எந்த நெறமா இருந்தாலும் தெரியும். பகல்ல பன்னெண்டு மணி நேரம் வெள்ளை வெளிச்சம், ராத்திரி முழு இருட்டு. அதுதான் அதுக்கு நல்லது. சூட்டுக்குத் தொட்டிக்கு அடியில மூணுல ஒரு பங்கு இடத்துக்குச் சூட்டு விரிப்பு போடுங்க. சும்மா போட்டுட்டா வயிறு வெந்துரும், தெர்மோஸ்டாட் வேணும். அதோட சென்சார் கண்ணாடியில தொங்கக் கூடாது; அது வயிறு படுத தரையில இருக்கணும். சென்சார் தன் மூக்குக்கு நேர உள்ளதைத்தான் சொல்லும், எங்க பெட்டியிலயும் அதே கதைதான். முப்பத்திரண்டுல வைங்க. எதிர்ப்பக்கம் குளுந்தே இருக்கட்டும், எங்க இருக்கணும்னு அதுவே பாத்துக்கிடும். காலைல பாத்தீங்கல்லா, வழி தெரியாமலா போச்சு? ஏசி இருபத்தாறுக்குக் கீழ போக வேண்டாம்.”

கிங்ஸ்டன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒன்றே ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டான்.

“ராத்திரி முழு இருட்டா?”

“முழு இருட்டு.”

அவன் ஹில்டாவைப் பார்த்தான். “அஞ்சு மாசமா நீ கேட்டது அதைத்தான்.”

“ஆமா,” என்றாள் ஹில்டா. “பல்லிக்குன்னா கேப்பீங்க.”

“தப்பு என்மேல. பல்பை விடு. உன் பையைக் கொட்டினேன் பாரு...”

ஹில்டா எழுந்து போய், வாசலில் நின்ற பயணப் பையை இரண்டு கையாலும் தூக்கி வந்து, ஜிப்பை இழுத்து, கூடத்தின் நடுவில் தலைகீழாகக் கொட்டினாள். சட்டைகள், வேட்டி, சவரப் பெட்டி, விடைத்தாள் கட்டு, எல்லாம் தரையில் விழுந்து உருண்டன.

“இப்ப சரிக்குச் சரி,” என்றாள்.

கடைசியாக விழுந்த பிளாஸ்டிக் டப்பாவின் மூடி தெறித்தது. மக்ரூனின் சாப்பாட்டுப் புழுக்கள் இருநூறும் கூடம் முழுக்கச் சிதறி நெளிந்தன. பிளாரன்ஸ் சித்தி அலறிக்கொண்டு நாற்காலிமேல் ஏறினாள். ஹில்டா கட்டிலைத் தேடி ஓடப்போனவள், கால் வைக்க இடமில்லாமல் கிங்ஸ்டனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள். ஐந்து மாதத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்ததை ஏஞ்சலின் பார்த்ததில்லை. இரவு முழுக்கக் கண் விழித்த களைப்பு அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அது சுகமாகவும் இருந்தது.

அவள் குனிந்து ஒரு புழுவைப் பொறுக்கி, மேசைமேல் இருந்த பெட்டிக்குள் போட்டாள்.

மக்ரூன் தலையைத் தூக்கியது. வால் நுனி மெல்ல நடுங்கியது. ஓர் அடி எடுத்து வைத்தது, நின்றது, பார்த்தது.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்காலிமேல் நின்ற சித்தியும்தான்.

லபக்கென்று ஒரே வாய்.

“பொழைச்சிட்டு!” என்று முதலில் கத்தியது ஹில்டா.

மணி பன்னிரண்டே முக்கால். நாசரேத் பஸ் கிளம்பியிருக்கும். கிங்ஸ்டன் முட்டி போட்டுப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தான்.